மகள் சிங்க நடனம் ஆடலாமா?

கேள்வி: நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் வசிக்கிறோம். 14 வயதாகும் என் மகள் சிறு வயதிலிருந்தே பரதம் பயில்கிறாள். இப்போது பள்ளியில் சீனத் தோழிகளுடன் சிங்க நடனக் குழுவில் சேர வேண்டும் என்கிறாள். "நம் கலையை விட்டுவிட்டு இன்னொருவர் சாமிக்கு ஆடுவதா?" என்று மாமியார் மனம் வருந்துகிறார். நான் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மகள் சேரட்டும் என்பதே என் கருத்து. ஆனால் மாமியாரின் வருத்தத்தைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தோட்டப்புறங்களில் காவடியையும் கரகத்தையும் கும்மியையும் யாருடைய ஆதரவும் இல்லாமல் கட்டிக்காத்த தலைமுறைக்கு, தாங்கள் கைவிட்டால் தொடர்வதற்கு ஆளில்லை என்ற அச்சம் இருப்பது இயல்பே.

அவரை ஒரு நாள் பயிற்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு சிங்கத்துக்குள் இருவர் ஆடுகிறார்கள். முன்னால் இருப்பவர் தலையைத் தாங்கிக்கொண்டே, உள்ளே கட்டிய கயிறுகளாலும் கைகளாலும் அதன் இமை, காது, வாய் ஆகியவற்றை அசைக்கிறார். பின்னால் இருப்பவரோ முதுகை வளைத்து, முன்னவரின் இடுப்பைப் பற்றியபடி, துணிக்குள் தரையைத் தவிர வேறெதையும் அதிகம் காண இயலாமல் அடிவைக்கிறார். இருவரோடும் இணைந்து ஒலிப்பது முரசு. சிங்கம் தயங்கினால் முரசும் தணிகிறது, அது பாய்ந்தால் முரசும் முழங்குகிறது. நட்டுவாங்கத்துக்குக் காலைப் பழக்கிய பெண்ணுக்கு இந்த ஒழுங்கு அந்நியமாக இராது என்பதை மாமியாரே கண்டுகொள்வார்.

இக்கலை சீனாவிலிருந்து வந்ததுதான் என்றாலும், உயரமான தூண்களின் மேல் தாவி ஆடும் முறையை உலகத்தரத்துக்கு வளர்த்ததில் மலேசியக் குழுக்களுக்குப் பெரும் பங்குண்டு. 1994 முதல் கெந்திங் மலையில் உலகப் போட்டி நடந்துவருகிறது. 2007-இல் அந்தத் தூண் நடனம் நாட்டின் மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே உங்கள் மகள் கற்கப்போவது தான் பிறந்த நாட்டின் கலை. தூணில் ஏறுவதை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம். தரையில் போதிய பயிற்சி பெற்ற பின்னரே ஏற்றுவார்களா, கீழே மெத்தை விரிப்பார்களா என்று பயிற்றுநரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சாமி பற்றிய கேள்வியையும் மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும். புதிய சிங்கத்துக்குக் கண் திறக்கும் சடங்கு உண்டு. சில குழுக்கள் ஆடுமுன் பீடத்தில் ஊதுபத்தி ஏற்றி வணங்கும். தெய்வத் திருமேனிக்கு ஸ்தபதி கண் திறப்பதை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அந்நேரத்தில் மகள் வணங்கலாமா, மரியாதையுடன் ஒதுங்கி நிற்கலாமா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டில் எதையும் குழு அவள்மீது திணிக்கக் கூடாது. தைப்பூசத்தையொட்டிப் பினாங்கில் வெள்ளி ரதம் வரும் வழியில் தேங்காய்களைக் குவித்து உடைக்கும் சீனர்களை மாமியாரும் அறிந்திருப்பார். அவர்கள் சீனராகவேதான் வீடு திரும்புகிறார்கள்.

நம் கலைக்கே வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். மலாய் முஸ்லிமான ராம்லி இப்ராகிம் பரதத்தையும் ஒடிசியையும் இந்தியாவில் குருமார்களிடம் பயின்று, 1983-இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. பிறந்த வீட்டில் இல்லாத ஒரு கலைக்காக அவர் வாழ்நாளையே கொடுத்தார் என்பதால்தான் அவரை நாம் கொண்டாடுகிறோம். அந்த உழைப்பைத்தான் உங்கள் மகளிடமும் நான் எதிர்பார்க்கிறேன்.

என் உண்மையான கவலை வேறு. நெற்றிப் பொட்டுடன் சிங்கத் தலையைக் கையில் கொடுத்து, இன ஒற்றுமைக்கு அடையாளமாகப் பள்ளி விழாவில் படமெடுக்க மட்டும் அவளை நிறுத்திவிடக் கூடாது. மற்றவர்களுக்குள்ள அதே பயிற்சி நேரம், அதே கண்டிப்பு, தலையோ வாலோ தகுதிக்கேற்ற இடம் ஆகியவை அவளுக்கும் கிடைக்கின்றனவா என்று கவனியுங்கள். அதுபோலவே, பரதத்தில் சலிப்பு வந்துதான் இதைத் தேடுகிறாளா என்றும் கோபமில்லாமல் கேளுங்கள். ஆம் என்றால் அதைப் பரத ஆசிரியையிடம் தனியே பேசித் தீர்க்க வேண்டும். சிங்கத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று, நாட்காட்டியைப் பாருங்கள். தைப்பூசமும் சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயும் பௌர்ணமியையொட்டி வருவதால் சில ஆண்டுகளில் மோதிக்கொள்ளும். 2023-இல் இரண்டும் பிப்ரவரி 5 அன்றே வந்தன. 2025-இல் ஒரு நாள் இடைவெளிதான். உங்கள் வீட்டில் பால்குடம் எடுக்கும் வழக்கமிருந்தால், எந்த ஆண்டில் எந்த நாளுக்கு அவள் வர இயலாது என்பதைச் சேரும்போதே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பேச்சின்போது மாமியாரும் உடனிருந்தால் இன்னும் நல்லது.