மாதுளை ஜூஸ் குடித்தும் எடை கூடுகிறதே?

கேள்வி: தொப்பை கரையும் என்றார்களே என்று இரண்டு மாதமாகத் தினமும் காலையில் ஒரு பெரிய டம்ளர் மாதுளை ஜூஸ் குடிக்கிறேன், சர்க்கரை போடாமல். எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. ஏன் டாக்டர்?

பதில்: மிக்ஸியைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். முத்துகளை உதிர்க்கச் சோம்பல்பட்டு நானும் ஒரு காலத்தில் ஜூஸ் குடித்தவள்தான். 100 கிராம் முத்துகளில் சுமார் 83 கலோரி, 4 கிராம் நார்ச்சத்து. வடிகட்டினால் அந்த நார்ச்சத்து ஏறக்குறைய முழுவதும் சக்கையோடு போய்விடும். 250 மில்லி ஜூஸில் மிஞ்சுவது 30 கிராம் அளவுக்கு இயற்கைச் சர்க்கரை, 130 கலோரிக்கு மேல். வழக்கமான காலை உணவையும் குறைக்காமல் இதையும் குடித்தால் எடை எப்படி இறங்கும்?

மாதுளையின் பாலிபீனால்கள் (தாவரங்களில் இயற்கையாக இருக்கும் ஒருவகைச் சத்துப் பொருட்கள்) எலிகளில் கொழுப்பு சேர்வதைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. மனிதர்களிடம் அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. அதனால் ‘கரைக்கும்’ என்ற பேச்சை நான் நம்புவதில்லை.

சரி, மாதுளையை விட்டுவிடவா என்றால், வேண்டாம். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக அரைக் கிண்ணம் முத்துகளை விதையோடு மென்று சாப்பிடுங்கள். மெல்ல நேரமாகும், வயிறும் நிறைந்தது போலிருக்கும். அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவரென்றால் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.