தபால் பெட்டியா, பார்சல் பெட்டியா? வயிற்றை விட வாயை அளந்து வாங்குங்கள்

கேள்வி: தனி வீடு, காம்பவுண்டு சுவர், கேட் உண்டு. பகலில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. சாதாரண தபால் பெட்டி போதுமா, பார்சல் பெட்டி வைக்க வேண்டுமா?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, கடந்த மூன்று மாதங்களில் வீட்டுக்கு வந்தவற்றை எழுதுங்கள். அதில் கைக்குக் கைதான் தருவார்கள் என்பவற்றை அடித்துவிடுங்கள். ஸ்பீடு போஸ்டுக்குக் கையெழுத்து வேண்டும். 2025-இல் பதிவுத் தபாலும் அதோடு சேர்ந்துவிட்டது. பிவிசி ஆதார் அட்டை ஸ்பீடு போஸ்டில்தான் வரும். பாஸ்போர்ட்டை விண்ணப்பித்தவர் கையில்தான் கொடுப்பார்கள். ஓடிபி கேட்கும் பொருள், கேஷ் ஆன் டெலிவரி, திருப்பி அனுப்பும் பொருள் எதற்கும் பெட்டி உதவாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இது மாறாது.

மிஞ்சுவது இரண்டு வகை. முதலாவது சாதாரணத் தபால்: எல்ஐசி நோட்டீஸ், சந்தா இதழ், கல்யாணப் பத்திரிகை. இரண்டாவது, பணம் ஏற்கெனவே கட்டிய, ஓடிபி கேட்காத பார்சல். இந்த இரண்டாம் வகை மாதத்துக்கு நாலைந்துக்குக் குறைவாக இருந்தால் பார்சல் பெட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல தபால் பெட்டி ஒன்றும், பக்கத்து வீட்டில் வாங்கி வைக்க ஓர் ஆளும் போதும்.

தபால் பெட்டியில் பலர் ஏமாறுவது அளவில். ஏ4 தாளை மடிக்காமல் வைக்கும் சி4 கவர் 229 × 324 மி.மீ. கடிதம் போடும் வாய் 250 மி.மீ. அகலமும் 30 முதல் 35 மி.மீ. உயரமும் இருந்தால் கவர் உள்ளே போகும். ஆனால் உள்ளே 350 மி.மீ. ஆழமும் வேண்டும், இல்லையென்றால் கவர் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மழையில் ஊறும். வாய் 35 மி.மீ.க்கு மேல் போனால் கை நுழைந்துவிடும். வாய்க்குப் பின்னால் கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரு தகடு இருந்தால் குச்சியை விட்டுக் கடிதம் எடுக்க முடியாது. வாய் தரையிலிருந்து 1.1 முதல் 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் தபால்காரர் வண்டியை விட்டு இறங்காமலே போடலாம்.

நம் ஊரில் பெட்டியைக் கெடுப்பது ஐப்பசி, கார்த்திகை மழைதான். வடகிழக்குப் பருவக்காற்று சாரலைப் பக்கவாட்டில் அடிக்கும், மேலே கூரை இருந்தும் பயனில்லை. வடக்கு, கிழக்கு பார்த்த வாய்க்கு 40 மி.மீ. நீட்டிய மழைத்தடுப்பும், தானாக மூடும் மூடியும் அவசியம். அடித்தட்டில் 6 மி.மீ. ஓட்டை நான்கு போட்டு, கடிதம் தட்டில் படாதபடி ஒரு கம்பிவலையை ஓர் அங்குலம் உயர்த்தி வையுங்கள். ஓட்டைகளுக்கும் நுண்ணிய எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலை வேண்டும், இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும்.

இனி பார்சல் பெட்டி. கடையில் 60 லிட்டர், 80 லிட்டர் என்று வயிற்றைச் சொல்லித்தான் விற்கிறார்கள். பொருள் நுழைவதோ வாய் வழியாக. மேலே இழுப்பறை போலத் திறந்து, மூடும்போது பொருளை உள்ளே கொட்டும் வகையில் வயிறு எவ்வளவு பெரிதானாலும் இழுப்பறை கொள்ளும் அளவே கணக்கு. சாதாரண செருப்புப் பெட்டி சுமார் 33 × 20 × 12 செ.மீ. இருக்கும், அது புகாத பெட்டியை வாங்கிப் பயனில்லை. இன்னொன்று: இழுப்பறை திரும்ப உள்ளே 25 செ.மீ. இடம் வேண்டுமென்றால், 75 செ.மீ. உயரப் பெட்டியில் உபயோகப்படுவது 50 செ.மீ. மட்டுமே. அதற்கு மேல் குவிந்தால் இழுப்பறை பாதியில் சிக்கி நிற்கும், அடுத்து வருகிறவர் பார்சலைப் பெட்டியின் தலைமேல் வைத்துவிட்டுப் போவார்.

நாளுக்கு ஒரு பார்சலுக்கு மேல் வராத வீட்டுக்கு இந்த இழுப்பறையே வேண்டாம். முழுக்கதவு போட்டு, அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ஸ்பிரிங் பூட்டு வைத்தால் போதும். காலையில் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், வருகிறவர் உள்ளே வைத்து மூடுவார், சாயங்காலம் சாவியால் திறக்கலாம். குறை ஒன்றுதான்: அன்று இரண்டாவது பார்சல் வந்தால் உள்ளே போகாது. ஆனால் உடைய அதிகம் பாகமில்லை, வாயும் வயிறும் ஒரே அளவு. நம்பர் பூட்டு போடுகிறவர்கள் எண்ணை டெலிவரி குறிப்பில் எழுதியே ஆகவேண்டும், பலர் பார்த்த எண் என்பதால் மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்யக் கொடுப்பதானால் 1.2 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு, அதாவது 18 கேஜ் கேளுங்கள். 45 × 40 × 75 செ.மீ. பெட்டிக்குத் தகடு மட்டுமே சுமார் 15 கிலோ வரும். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். அந்த இடங்களைத் தேய்த்து ஜிங்க் பிரைமர் அடித்த பிறகே பெயிண்ட். கடற்கரை ஊர் என்றால் எஸ்.எஸ். 304 ரகம் கேளுங்கள். 202 ரகம் பார்க்க அதே மாதிரி பளபளக்கும், உப்புக்காற்றில் சீக்கிரம் கறை பிடிக்கும்.

மாட்டுவதில் கவனம் தேவை. நாலரை அங்குலச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் இறுக்கினால் செங்கல் பிளந்துவிடும். ஹாலோ பிளாக்கில் பிடிப்பே இருக்காது. இரண்டுக்கும் சுவரை முழுக்கத் துளைத்து, பின்பக்கம் 50 மி.மீ. சதுரத் தகடு வைத்து 10 மி.மீ. போல்ட் நான்கு முடுக்குவதே சரி. தரையில் நிறுத்துவதானால் 30 செ.மீ. உயரக் கான்கிரீட் பீடம் கட்டுங்கள், தேங்கும் தண்ணீர் எட்டாது.

மேற்கு வெயில் படும் இரும்புப் பெட்டி அடுப்பாகிவிடும். வெளிர் நிறம் அடித்தாலும் இன்சுலினை அதில் போடச் சொல்லாதீர்கள், அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. மற்ற மருந்துகளிலும் பெரும்பாலானவற்றுக்கு 25 அல்லது 30 டிகிரிதான் வரம்பு, அட்டையிலேயே போட்டிருக்கும். மருந்து வாங்கும் வீடென்றால் அதை மட்டும் ஆள் இருக்கும் நேரத்துக்கோ அலுவலக முகவரிக்கோ திருப்புங்கள்.

மாட்டி முடித்ததும் உள்ளே பழைய நாளிதழை விரித்து, வாய்ப் பக்கமாக 10 நிமிடம் ஹோஸில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். தாள் நனைந்தால் மழைத்தடுப்பை இன்னும் நீட்டச் சொல்லுங்கள். பிறகு கதவின் மேல் பெரிய எழுத்தில் “பார்சலை உள்ளே வைத்து அழுத்தி மூடவும்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி, அதே வரியை ஆப்பில் டெலிவரி குறிப்பாகவும் போட்டு வையுங்கள். அது இல்லாவிட்டால் பார்சலைக் கேட்டுக்கு மேலாக உள்ளே எறிந்துவிட்டுத்தான் போவார்கள்.