ஈயப் பெயிண்ட்டை அகற்ற வருபவரிடம் எந்தச் சான்றிதழைக் கேட்பது?

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: 1950களில் தாத்தா கட்டிய வீட்டில் வசிக்கிறோம். ஜன்னல் கதவுகளில் உள்ள பழைய எனாமல் பெயிண்ட்டைப் பரிசோதித்ததில் ஈயம் இருப்பது தெரிந்தது. வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். பெயிண்ட்டை அகற்றித் தருவதாகச் சொல்லும் ஒப்பந்ததாரர், தம்மிடம் ‘சர்வதேசச் சான்றிதழ்’ இருப்பதாகச் சொல்கிறார். அதை நம்பலாமா?

பழைய ஈயப் பெயிண்ட்டை அகற்றும் தொழிலுக்கென்று இந்தியாவில் கட்டாய உரிமம் எதுவும் கிடையாது. 2016இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிகள், புதிதாகத் தயாரித்து விற்கப்படும் வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்கின்றனவே தவிர, உங்கள் தாத்தா காலத்திலிருந்து கதவில் ஒட்டியிருக்கும் பெயிண்ட்டை யார் சுரண்டலாம் என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே அவருடைய சான்றிதழ் எந்த நாட்டில், எந்த விதியின்கீழ், எந்த வேலைக்காக வழங்கப்பட்டது என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிகள் உதவும். அங்கே ஈயப் பெயிண்ட்டை அகற்றும் தொழிலாளிக்கு 16 மணி நேரப் பயிற்சியும், வேலையை முன்னின்று நடத்தும் மேற்பார்வையாளருக்கு 32 மணி நேரப் பயிற்சியும் கட்டாயம். இரண்டிலும் குறைந்தது 8 மணி நேரம் கையால் செய்து பழகும் பயிற்சியாக இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் தனித் தேர்விலும் தேற வேண்டும். ஈயம் எங்கே இருக்கிறது என்று கண்டறியும் ஆய்வாளருக்கு 24 மணி நேரப் பயிற்சி. பயிற்சி தரும் நிறுவனமும் வேலையை எடுத்துச் செய்யும் நிறுவனமும் தனித்தனியே அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதே நாட்டில் வீட்டைப் புதுப்பிக்கும் வேலையாட்களுக்கென்று 8 மணி நேரப் பயிற்சி ஒன்றும் இருக்கிறது. புதுப்பிக்கும் வேலையின்போது தூசியைக் கட்டுப்படுத்துவதுதான் அதன் நோக்கம்; ஈயத்தை நிரந்தரமாக அகற்றும் பணிக்கு அது போதாது. உங்கள் ஒப்பந்ததாரர் காட்டுவது இந்தச் சான்றிதழாக இருக்கலாம். அதில் உள்ள பயிற்சி நேரத்தையும் காலாவதி நாளையும் பாருங்கள். செய்முறைப் பயிற்சியே இல்லாமல் முழுக்க இணையத்தில் முடித்த சான்றிதழ் என்றால், அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தாளைப் பார்த்த பிறகு, வேலையை எப்படிச் செய்வார் என்று கேளுங்கள். நம் ஊரில் வழக்கமாக நடப்பது உங்களுக்கும் தெரியும்: முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏணியில் நின்று உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்ப்பார்கள், வெள்ளைத் தூசி திண்ணையெங்கும் படியும், மாலையில் துடைப்பத்தால் கூட்டி வாசலில் தள்ளுவார்கள். ஈயம் குழந்தையின் உடலுக்குள் போவது பெரும்பாலும் இந்தத் தூசியின் வழியாகத்தான். தரையில் தவழ்ந்த கையை வாயில் வைத்தாலே போதும். பயிற்சி பெற்றவர் பெயிண்ட்டை நனைத்துத்தான் சுரண்டுவார், நெருப்பால் எரிக்க மாட்டார், அறையைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுவார், நுண்தூசியையும் பிடித்து நிறுத்தும் ஹெப்பா வடிகட்டி உள்ள இயந்திரத்தால் மட்டுமே தூசியை உறிஞ்சுவார். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே விட்டுவிடும். இவற்றை நீங்கள் எடுத்துச் சொல்லாமல் அவர் வாயாலேயே வர வேண்டும்.

வேலை முடிந்து அறையைத் துடைத்த பின், குறைந்தது ஒரு மணி நேரம் விட்டு, தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் தூசி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மாதிரியை எடுப்பவர் ஒப்பந்ததாரரின் ஆளாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருப்பதோடு, ஈயப் பரிசோதனையும் அந்த அங்கீகாரத்தின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் பாருங்கள். எந்த ஆய்வகத்துக்கு எந்தெந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் உண்டு என்ற பட்டியல் என்ஏபிஎல் இணையதளத்திலேயே இருக்கிறது. தூசிப் பரிசோதனையின் முடிவு கைக்கு வரும்வரை பேத்தியை உறவினர் வீட்டில் வைத்திருங்கள். வேலையாட்கள் அதே உடையோடு வீட்டுக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஈயம் போய்ச் சேரும் என்பதால், உடை மாற்றவும் கை, முகம் கழுவவும் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.