யூஎஸ்பி வைஃபையும் டைனமோ றேடியோவும்

அன்புள்ள அண்ணா,

யாழ் நகரில் ஒரு கடையில் யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கினேன். லினக்ஸில் வேலை செய்யவில்லை. யாரோ இணையத்தில் வைத்திருந்த டிரைவரை (கருவியை இயக்கும் நிரலை) இறக்கிக் கொம்பைல் செய்ததும் ஓடியது. போன மாதம் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் அப்டேட் ஆனது, டிரைவர் படுத்துவிட்டது. சிப் கம்பனி ஆவணம் எதுவும் தருவதில்லையாம். ஆவணம் இல்லாமல் டிரைவர் எழுத முடியுமா?

கொக்குவிலில் இருந்து ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

முடியும். எழுதியிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி இங்கே றேடியோ கேட்ட கதையை வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்த றேடியோ பழுதானால் திருத்துபவரிடம் சேர்க்கிட் படம் ஏது? மீற்றரை ஒவ்வொரு முனையாக வைத்துப் பார்த்துத்தான் பிடிப்பார். புரோட்கொம் என்ற கம்பனியின் வைஃபை சிப்புக்கு டிரைவர் எழுதியவர்களும் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள். ஒரு குழு கம்பனியின் மூடிய, அதாவது மூல நிரல் தராத, டிரைவரைப் பிரித்து, சிப்பின் எந்த ரெஜிஸ்டரில் (சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடத்தில்) எந்த எண் எப்போது எழுதப்படுகிறது என்று குறிப்பெடுத்தது. மற்றக் குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்து டிரைவர் எழுதியது. மூடிய டிரைவர் பக்கமே போகவில்லை. போயிருந்தால் 'எங்கள் நிரலைப் பார்த்து எழுதிவிட்டார்கள்' என்று வழக்குப் போட இடம் கிடைத்திருக்கும். அந்த டிரைவர் 2006இல் 2.6.17 கேர்னலில் ஏறியது. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய பி43. கம்பனி தானாகத் திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட 2010 ஆனது, அதுவும் புதிய சிப்புகளுக்கு. (சிப்புக்குள்ளேயே ஓடும் நிரலான ஃபெர்ம்வேர் அப்போதும் மூடியதே. அந்தச் சண்டை தனிக்கதை.)

உங்கள் டிரைவர் படுத்ததில் உங்கள் பிழை எதுவும் இல்லை. கேர்னலின் உள் இடைமுகங்கள் (டிரைவர் கேர்னலோடு பேசும் வழிகள்) மாறாது என்று லினக்ஸ் எவருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கேர்னலுக்குள் இருக்கும் டிரைவர் என்றால், இடைமுகத்தை மாற்றுபவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே கிடப்பதை யார் பார்ப்பது? ஆகவே எழுதினால் கேர்னலுக்குள் அனுப்பும் எண்ணத்தோடு எழுதுங்கள்.

வெறும் லப்டொப் போதும், இன்றே தொடங்கலாம். மேக்80211_எச்டபிள்யூசிம் என்ற கேர்னல் மொடியூல் வன்பொருளே இல்லாமல் பொய்யான வைஃபை ரேடியோக்களை உருவாக்கித் தரும். அதன் நிரலை வாசியுங்கள். அருகிலுள்ள வலைகளைத் தேடுவது, இணைவது போன்ற பெரும்பாலான வேலைகளை கேர்னலின் பொதுவான வைஃபை பகுதியான மேக்80211 பார்த்துக்கொள்கிறது. டிரைவரின் பங்கு, சிப்பை எழுப்புவது, சானலை மாற்றுவது, பக்கெட்டை அனுப்புவது, வாங்குவது என்று அளவானது என்பது அப்போது விளங்கும். அப்புறம், வேர்ச்சுவல் மெஷினில் விண்டோஸைப் போட்டு, அதன் டிரைவர் சிப்போடு என்ன கதைக்கிறது என்பதை லினக்ஸ் பக்கம் யூஎஸ்பிமொன் என்ற யூஎஸ்பி கண்காணிப்பு வசதி மூலம் பதியலாம். பொறுமை வேண்டும், நிறைய வேண்டும்.

அதற்கு முதல் ஒன்று. ஒரே பெட்டி, ஒரே மொடல் என்றாலும் உள்ளே சிப் வேறாக இருக்கும். செருகிய யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில், உங்கள் கருவிக்கான வரியில் வரும் எண்ணைப் பாருங்கள். 2023இல் வந்த 6.2 கேர்னலில் ரியல்டெக் சிப்புகளுக்கான ஆர்டிடபிள்யூ88 டிரைவருக்குள் சில யூஎஸ்பி சிப்புகளும் சேர்ந்தன. உங்களுடையது அதில் இருந்தால் எழுதவே தேவையில்லை. அந்த எல்எஸ்யூஎஸ்பி வரியை அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள்.