அழற்சி எப்படிப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது?

வீக்கம், புண் எல்லாம் புற்றுநோயாக மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் மாறாதுங்க. ஆறாமல் கிடப்பதுதான் வம்பு.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) ஒரே வருடத்தில் இரண்டு புண். ஒன்று, கரும்பு வெட்டும்போது கொடுவாள் பட்டுக் கெண்டைக்காலில். சிவந்து வீங்கி, விண்விண்ணென்று தெறித்து, பத்து நாளில் பொருக்குத் தட்டி உதிர்ந்துவிட்டது. அந்த வீக்கம்தான் அழற்சி. வெள்ளை அணுக்கள் வந்தன, கிருமியை ஒழித்தன, தோல் வளர்ந்ததும் கலைந்துவிட்டன.

இன்னொன்று இடது கன்னத்தின் உள்பக்கம். முப்பது வருடமாக வெற்றிலை பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை அடக்கிய அதே இடம். ஓரம் தடித்து, நடுவில் வெளுத்த புண். வலி இல்லை. "வாய்ப்புண்ணுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்பார்.

அங்கே வெள்ளை அணுக்கள் கலையவே இல்லை. கிருமியைக் கொல்ல அவை கக்கும் ரசாயனங்கள் பக்கத்துச் செல்லின் டிஎன்ஏவையும் கெடுக்கும். சேதத்தை நிரப்பச் செல்கள் திரும்பத் திரும்பப் பிரியும், பிரியப் பிரியப் பிழை சேரும். புது ரத்தக் குழாயும் வளர்ச்சிக்கான தூண்டுதலும் அங்கேயே தயார். பிழைபட்ட செல்லுக்கு உழுது தண்ணீர் கட்டிய வயல் கிடைத்த மாதிரி. கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் இருப்பதை 1863லேயே ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோ கவனித்தார். 1986ல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் துவோராக், கட்டிகளை 'ஆறாத புண்கள்' என்றே எழுதினார்.

ஆனால் புகையிலையும் பாக்கும் நேரடியாகவே டிஎன்ஏவைக் கெடுப்பவை, பழியை அழற்சி மேல் மட்டும் போட முடியாது. அழற்சியின் கைவரிசை இன்னும் பளிச்சென்று தெரிவது வேறு இடங்களில்: ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ் நாள்பட்டுத் தங்கிவிட்ட கல்லீரல், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் நாள்பட்ட குடல்புண் நோய் உள்ள பெருங்குடல், ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா குடியிருக்கும் இரைப்பை. இந்தக் கடைசிக் கிருமியை ஆஸ்திரேலிய டாக்டர் பேரி மார்ஷல் 1984ல் தானே குடித்து, சில நாளில் இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005ல் நோபல் வந்தது. நம்ம ஊரில் யாராவது அப்படிச் செய்திருந்தால் மந்திரிக்கக் கூட்டிப் போயிருப்பார்கள்! கிருமி இருக்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை, பெரும்பாலோருக்கு வராது.

அப்புறம், ஈரோட்டுக்காரன் மஞ்சளைச் சொல்லாமல் விடக்கூடாது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் ஆய்வகத்தில் அழற்சியைக் குறைக்கிறது, சரி. சாப்பிடும் மஞ்சளிலிருந்து ரத்தத்தில் சேர்வது ரொம்பக் கொஞ்சம். குழம்புக்குப் போடுங்கள், மருந்தாக நம்பாதீர்கள்.

வாய்ப்புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால், வலிக்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புச்சி எட்டு மாதம் கழித்துத்தான் போனார். சதையெடுத்துச் சோதித்ததில் ஆரம்பநிலைப் புற்றுநோய் என்றார்கள், ஆபரேஷன் செய்தார்கள். இப்போது வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. அமிச்சி (பாட்டி) இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டில் வைக்கிறார்.