இரண்டடி எதற்கு?

அன்புள்ள அக்காவுக்கு,

சேலம் சூரமங்கலத்தில் 430 சதுர அடியில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். நான், கணவர், நாலு வயது மகள். ஒரே படுக்கையறை, 10-க்கு 10. மேற்கே ஒரு சன்னல். சின்ன வீடு என்பதால் எல்லாச் சுவரும் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு நிறம் வேண்டும். எந்த நிறம் அடிக்கலாம்? ஃபால்ஸ் சீலிங் போட்டால் அறை பெரிதாகத் தெரியுமா? மகளுக்கு 3 அடி மெத்தை வாங்கினோம். அறையில் இடம் பத்தாது, ஹாலில் விரித்துக்கொள்ளுங்கள் என்று இன்டீரியர்காரர் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த படமும் கொட்டேஷனும் இத்துடன்.

வாசகி, சூரமங்கலம்

அன்புள்ள தங்கைக்கு,

நிறத்துக்கு வருகிறேன். நீங்கள் இணைத்த படம்தான் உடனே பதில் எழுத வைத்தது. கொஞ்ச நாளாகவே மனதை அரித்துக்கொண்டிருந்த விஷயம் அதில் அப்படியே இருக்கிறது. வார்ட்ரோப் ஆழம் 24 இன்ச், அதாவது இரண்டடி. குழந்தையின் மெத்தை ஹாலில்.

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம். ஒன்பதரை அடி உயரத்தில் அரை அடியை மூடினால் அறை சின்னதாகத்தான் ஆகும். எல்லாம் வெள்ளை என்கிற பேச்சையும் விட்டுவிடுங்கள்.

படத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு கணக்குப் போடுங்கள். அறை 120 இன்ச். 5 அடி மெத்தைக்கான கட்டில் சட்டத்தோடு 63 இன்ச் வரும். அலமாரி 24, அதன் கதவுப் பலகை முக்கால். மிச்சம் 32 இன்ச். மகளின் மெத்தை 36. நாலு இன்ச் பத்தாததால் ஒரு நாலு வயதுக் குழந்தை வாசல் கதவுக்குப் பக்கத்தில் தனியாகப் படுக்க வேண்டும் என்று ஒருவர் படம் போட்டுக் கொடுக்கிறார், நீங்களும் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சுவருக்கு நிறம் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது, அம்மா. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் டேப்பைப் பிடித்து ஒரு தடவை அளந்திருக்க வேண்டாமா?

அதே அலமாரி 16 இன்ச் ஆழம் என்றால் மிச்சம் 40. மெத்தையை விரித்த பிறகும் 4 இன்ச் இருக்கும்.

24 இன்ச்சுக்கு ஒரு நியாயம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சட்டை ஹேங்கர் 17, 18 இன்ச் அகலம். சட்டையின் கை கதவில் மாட்டாமல் தொங்க உள்ளே 21, 22 இன்ச் வேண்டும். ஆனால் உங்கள் வீட்டில் ஹேங்கரில் தொங்குவது எத்தனை? ஆபீஸ் சட்டை ஏழெட்டு இருக்கலாம். புடவை, சுடிதார், வேட்டி, துண்டு, போர்வை, குழந்தையின் கவுன், எல்லாமே மடித்து வைக்கிற துணி. மடித்த துணிக்கு 14 இன்ச் தட்டு தாராளம். 24 இன்ச் தட்டில் துணி இரண்டு வரிசையாகப் போகும். பின்வரிசையில் இருப்பதை எடுக்க முன்வரிசையைக் கலைக்க வேண்டும் என்பதால் அது தீபாவளிக்குத்தான் வெளியே வரும். நம் வீடுகளில் இருக்கும் ஸ்டீல் பீரோவை அளந்து பாருங்கள், ஆழம் 19 இன்ச் சுமாருக்குத்தான் இருக்கும்.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த இரண்டடி? பிளைவுட் 8-க்கு 4 ஷீட்டாக வருகிறது. 4 அடியை நடுவில் அறுத்தால் இரண்டு 24. துண்டு விழாது, ஆசாரிக்கு யோசனையும் இல்லை. அதே 4 அடியை மூன்றாக அறுத்தால் மூன்று 16, அப்போதும் துண்டு விழாது. ரம்பம் தின்பது போக 15¾-க்குச் சற்று மேலே நிற்கும். ஒரு அறுப்புக் கூடுதல், அவ்வளவுதான்.

உங்கள் படத்தில் 10 அடி நீளம், 7 அடி உயரம், 30 இன்ச் அகலத்தில் நாலு பெட்டி. பக்கப் பலகை 8, மேல் கீழ் பலகையோடு தட்டுகள் 24. ஷீட்டை நீளவாக்கில் அறுத்த 8 அடிப் பட்டை ஒன்றில் ஒரு பக்கப் பலகையோ மூன்று தட்டோ வரும், ஆக 16 பட்டை. 24 இன்ச் என்றால் 8 ஷீட். 16 இன்ச் என்றால் 5 ஷீட்டும் ஒரு பட்டையும். கதவுகள் இரண்டுக்கும் ஒன்றுதான். கிட்டத்தட்ட மூன்று ஷீட் மிச்சம். ஆனால் உங்கள் கொட்டேஷன் முகப்புச் சதுர அடிக் கணக்கில் போட்டிருக்கிறது, நீளம் பெருக்கல் உயரம். அதில் ஆழம் குறைந்தாலும் ஒரு ரூபாய் குறையாது. எத்தனை ஷீட், எந்த கிரேடு என்று எழுதி வாங்குங்கள். படுக்கையறைக்கு ஐ.எஸ். 303 என்கிற சாதாரணத் தர பிளைவுட் போதும், சமையலறைத் தொட்டிக்குக் கீழே மட்டும் தண்ணீர் தாங்கும் ஐ.எஸ். 710.

அலமாரிக்கு மேலே அதே ஆழத்தில் வரும் லாஃப்ட்டையும் பாருங்கள். 48 இன்ச் மின்விசிறி நடுவில் சுற்றினால் இறக்கை நுனி சுவரிலிருந்து 36 இன்ச்சில் இருக்கும். 24 இன்ச் லாஃப்ட்டில் 15 இன்ச் கதவைத் திறந்தால் 39. இறக்கையும் லாஃப்ட் கதவும் ஒரே உயரம், நேராக மோதும். 16 இன்ச்சில் 31-தான், மோதாது.

ஆழம் குறைந்த அலமாரிக்குக் குறைகளும் உண்டு, முக்கியமானது சாய்வது. இழுப்பறைகளை எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தாலோ குழந்தை அதில் கால் வைத்து ஏறினாலோ 7 அடிப் பெட்டி முன்னால் விழும். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் இரண்டு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்கியே ஆக வேண்டும். செங்கல் சுவர் என்றால் சாதாரண பிளக் பிடிக்கும். வெள்ளையாக, எடை குறைந்த ஏஏசி பிளாக் என்றால் அந்த பிளக் கழன்று வந்துவிடும், அதற்கென்று தனி பிளக் கேட்டு வாங்குங்கள். துளை பூச்சைத் தாண்டியதும் விழும் தூள் செங்கல் சிவப்பா, வெள்ளையா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இழுப்பறை ஓடுகிற சேனல் 14 இன்ச்தான் உட்காரும், ஆசாரி கையோடு 18, 20 இன்ச் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். சட்டைகளுக்கு ஒரு பெட்டியில் மட்டும் ராடை முன்பின்னாக மாட்டச் சொல்லுங்கள். ஹேங்கர்கள் நம்மைப் பார்த்து வரிசையாக நிற்கும்.

ஸ்லைடிங் கதவு இங்கே ஒத்துவராது. தடமே 3 இன்ச்சுக்கு மேல் தின்றுவிடும்.

இனி நிறம். சுவரில் தைரியமாக அடியுங்கள், லாமினேட்டில் வேண்டாம். நாலு சுவருக்கு இரண்டு கோட்டுக்கு சுமார் 3 லிட்டர் எமல்ஷன், பிடிக்காவிட்டால் இரண்டு நாளில் மாற்றலாம். ஒட்டின லாமினேட் பத்துப் பதினைந்து வருடம் அங்கேயே இருக்கும். மேற்குச் சன்னல் அறைக்கு மஞ்சளும் ஆரஞ்சும் வேண்டாம், அந்த நிறத்தைச் சேலத்து மாலை வெயிலே கொண்டுவந்து கொட்டும். நீலம் கலந்த பச்சை பாருங்கள். ஷேட் கார்டில் பிடித்ததற்கு ஒரு படி வெளிறியதை எடுங்கள். சின்ன அறையில் சுவருக்குச் சுவர் நிறம் பட்டுத் திரும்புவதால் கார்டில் இருப்பதைவிட அழுத்தமாகத்தான் விழும். ஒரு சார்ட்டில் அடித்துச் சன்னல் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் ஒட்டி, காலை, மாலை ஐந்து மணி, ராத்திரி டியூப் லைட் என்று மூன்று வேளையும் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் ஆசையாக இருந்தால் ஹாலுக்கு ஒரு பவானி ஜமுக்காளம் வாங்குங்கள். பட்டை பட்டையாக நிறம், விருந்தாள் போனதும் சுருட்டி மூலையில் நிறுத்திவிடலாம்.

படத்தில் 10 அடி என்று இருப்பது பூச்சுக்கு முந்தின அளவாக இருக்கலாம். இரண்டு பக்கப் பூச்சும் சேர்ந்து ஒரு இன்ச்சாவது குறைக்கும், நம்மிடம் கையிருப்பே நாலு இன்ச்தான். நாளைக்கே போய் தரையிலும் இடுப்பு உயரத்திலும் அளந்து எனக்கு எழுதுங்கள். பாப்பாவின் மெத்தையையும் அளந்து எழுதுங்கள், கடையில் சொன்ன அளவு வேண்டாம்.

அன்புடன்,
அக்கா