பிரான்சில் கூட்டமில்லாத ஆற்றங்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம்?

"எல்லாரும் லுவார் நதிக்கரையையே சொல்கிறார்கள், எனக்குக் கூட்டம் ஆகாது, நாலைந்து நாள் லீவு, உடம்பு சுமார்தான், பழைய ஊர்களையும் பார்க்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். தென்மேற்கில் செலே என்று ஒரு சின்ன ஆறு இருக்கிறது. அங்கே போங்கள்.

லுவாரைக் குறை சொல்லவில்லை. சுமார் 900 கிலோமீட்டருக்குப் பலகை போட்டு, வழியெங்கும் அரண்மனைகளாக வைத்திருக்கிறார்கள், குழந்தைகளோடு போவதானால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் அமைதி வேண்டுமென்றால் பெரிய ஆற்றை விட்டுவிட வேண்டும். மலைப்பாங்கான பகுதியில் சமதளம் ஆற்றோரத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால், பெரிய ஆறாக இருந்தால் நெடுஞ்சாலை, ரயில் பாதை, லாரி எல்லாம் அதை ஒட்டியே வந்துவிடும். சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கு குறுகலாக, வளைந்து வளைந்து போவதால் அவசரக்காரர்கள் மேட்டு வழியாகப் போய்விடுவார்கள், கீழே நமக்கும் டிராக்டருக்கும் தபால்கார அம்மாவின் மஞ்சள் வண்டிக்கும் மட்டும் ஒரு சாலை மிஞ்சும்.

நான் துலூசில் இருப்பதால் எனக்கு இது பக்கம். வட்டார ரயிலில் செலே கரையில் இருக்கும் ஃபிஜாக் ஊருக்கு இரண்டரை மணி நேரம் போல ஆகும், சைக்கிளைக் கழற்றாமல் அப்படியே ஏற்றலாம், கொக்கிகள் சிலதான் இருக்கும் என்பதால் சனிக்கிழமை காலையில் கொஞ்சம் சீக்கிரமே போய் நில்லுங்கள். பாரிசிலிருந்து வந்தால் ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் ஏறி காஓர் வரை நேராக வரலாம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதில் சைக்கிளுக்கு முன்பதிவு அவசியம்.

எங்கே ஆரம்பிப்பது என்று யோசிக்கவே வேண்டாம், ஃபிஜாக்கில் ஆரம்பித்துக் காஓரில் முடியுங்கள். ஆறு போகும் திசையிலேயே நீங்களும் போவீர்கள், இரண்டு முனையிலும் ரயில் இருக்கிறது. மொத்தம் 80 கிலோமீட்டர் போலத்தான் வரும். நல்ல கால் இருப்பவர் ஒரே நாளில் முடித்துவிடுவார், ஆனால் அது இந்தப் பக்கத்துக்கே செய்யும் அநியாயம். மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள், மீதி நாள் இருந்தால் செலே போய்ச் சேரும் லொத் ஆற்றின் கரையில் கஜார்க் என்ற ஊர்ப் பக்கம் போய் வாருங்கள். இந்த வட்டாரத்தில் இன்றும் குங்குமப்பூ விளைகிறது, அக்டோபரில் போனால் வயலில் ஊதா நிறப் பூவைப் பார்க்கலாம்.

ஃபிஜாக்கை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். எகிப்தியச் சித்திர எழுத்தை வாசித்துக் காட்டிய ஷம்போலியோன் 1790ல் பிறந்த ஊர் இது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் பழைய சுவர்கள் சூழ்ந்த ஒரு சின்ன முற்றம், அதன் தரை முழுக்க, அந்த எழுத்தை வாசிக்க அவருக்கு உதவிய ரொசெட்டா கல்லைக் கறுப்புக் கிரானைட்டில் பல மடங்கு பெரிதாக்கிப் பதித்திருக்கிறார்கள், ஜோசப் கோசுத் என்ற அமெரிக்கக் கலைஞர் 1991ல் செய்தது. எழுத்தின் மேலேயே நடக்கலாம், யாரும் தடுப்பதில்லை. சைக்கிள் ஷூ போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், மழை பெய்திருந்தால் நன்றாக வழுக்கும்.

அப்புறம் டி 41 சாலை. முதல் சில கிலோமீட்டர் சாதாரண வயல்வெளி, மக்காச்சோளம், வால்நட் மரங்கள். போகப் போக இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை எழும்பி வந்து, சில இடங்களில் பாறை சாலைக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் அடியில் புகுந்து போகும்போது வெயில் சட்டென்று நின்று முதுகு சில்லென்று ஆகும். தலையை நிமிர்த்திப் பார்த்தால் பாறையின் பாதி உயரத்தில் ஒரு சுவரும் ஒரு ஜன்னலும் மட்டும் தெரியும். உள்ளூரில் இவற்றை "ஆங்கிலேயர் கோட்டை" என்பார்கள். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர்க் காலத்தோடு சேர்த்துச் சொல்லும் பெயர், கட்டியவர் ஆங்கிலேயர்தான் என்று அர்த்தமில்லை, குகை வாயை அடைத்து ஒளிந்துகொள்ள வசதி செய்துகொண்ட இடங்கள். எஸ்பஞாக் ஊரில் சாலையை விட்டு விலகிப் பாலத்தைத் தாண்டினால், மேல்பகுதி மரச்சட்டம் வைத்துக் கட்டிய மணிக்கூண்டோடு ஒரு பழைய கன்னிமடம் இருக்கிறது. பத்து நிமிஷம் போதும்.

மர்சியாக்கில் நிறுத்தி நிதானமாக உட்காருங்கள். பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம், போர்களில் இடிந்து, தேவாலயத்தின் பாதிக்குக் கூரையே இல்லை, தூண்களுக்கு நடுவே புல் முளைத்திருக்கிறது. இன்றைக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து குவியும் ரொக்கமதூர் ஒரு காலத்தில் இந்த மடத்துக்குச் சொந்தம். வருமானமில்லாத இடம் என்று இவர்கள் கவனிக்காமல் விட, டுல் மடத்துத் துறவிகள் வந்து குடியேறிவிட்டார்கள். 1166ல் அங்கே புனிதர் அமதூரின் உடல் என்று ஒன்று கிடைத்து யாத்ரிகர் கூட்டம் பெருகியதும் "அது எங்கள் இடம்" என்று மர்சியாக் துறவிகள் கிளம்ப, வழக்கு பல வருஷம் இழுத்தது, கடைசியில் பணத்தை வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். பங்காளிச் சண்டை எந்த நாட்டிலும் ஒன்றுதான் போல! ஆனால் தோற்றதால்தான் மர்சியாக் இன்னும் மர்சியாக்காக இருக்கிறது என்பது என் எண்ணம், ரொக்கமதூரில் சைக்கிளைச் சாய்த்து வைக்கச் சுவர் கிடைப்பதே கஷ்டம்.

கப்ரெரே ஊருக்கு மேலே பெஷ் மெர்ல் குகை. 1922ல் உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர் உள்ளே ஊர்ந்துபோய்க் கண்டுபிடித்தது. புள்ளி போட்ட இரண்டு குதிரைகள், சுற்றிலும் மனிதக் கைகளின் அச்சு, சுமார் 29,000 வருஷம் பழையது, நகல் இல்லை, அசல் ஓவியத்தையே பார்க்கலாம். ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடமாட்டார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஊரிலிருந்து ஏற்றம் கொஞ்ச தூரம்தான், ஆனால் செங்குத்து. வேர்த்து வடிய உள்ளே போனால் குளிரும், ஒரு சட்டை கூடுதலாக இருக்கட்டும்.

செலே லொத்தோடு சேர்ந்ததும் அக்கரையில் பாறை உச்சியில் தொங்குவது போலத் தெரியும் ஊர் சேன் சிர் லபோபி. பூசியெஸ் தொங்கு பாலத்தைத் தாண்டி ஏற வேண்டும், விடாமல் ஏற்றம், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஆறு கீழே இறங்கிக்கொண்டே போவது தெரியும், நின்று மூச்சு வாங்க நல்ல சாக்கு. மிகை யதார்த்தக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் 1950ல் இங்கே வந்து மயங்கி வீடே வாங்கிவிட்டார். அவருக்கு முன்பெல்லாம் இது கடைசல் வேலைக்காரர்கள் ஊர், மதுப் பீப்பாய்களுக்கு மரக்குழாய் கடைந்து விற்றுப் பிழைத்தார்கள். 2012ல் பிரெஞ்சு மக்களுக்குப் பிடித்த கிராமம் என்று டிவி வாக்கெடுப்பில் ஜெயித்தது, அதற்கப்புறம் கேட்க வேண்டாம். பகலில் போகாதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் பஸ்கள் போன பிறகு ஏறி, ராத்திரி அங்கேயே தங்கி, காலை ஒன்பதுக்குள் இறங்கிவிடுங்கள். கல் பாவிய சந்துகள், சைக்கிளைத் தள்ளித்தான் நடக்க வேண்டும்.

இந்தப் பயணத்தில் கஷ்டம் மிதிப்பதில் இல்லை, சாப்பாட்டு நேரத்தில்தான் இருக்கிறது. பன்னிரண்டரைக்குக் கடை மூடினால் திரும்பத் திறக்க மூன்று, மூன்றரை ஆகும். ஞாயிறு மதியமும் திங்களும் பல ஊர்களில் ஒன்றுமே திறக்காது. செலே பள்ளத்தாக்கில் கடையே இல்லாத ஊர்கள்தான் அதிகம், அதனால் ரொட்டி, சீஸ், இரண்டு வாழைப்பழம் எப்போதும் பையில் இருக்கட்டும். உணவகத்தில் மதிய உணவு பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள், இரண்டு மணிக்குப் போய் நின்றால் சிரித்த முகத்தோடு இல்லை என்பார்கள். சைவமாக இருந்தால் இன்னொன்று: இது வாத்து நாடு, வறுத்த உருளைக்கிழங்கைக் கூட வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட், ஆம்லெட் எங்கும் கிடைக்கும். தண்ணீருக்கு அலைய வேண்டாம், கல்லறைத் தோட்டங்களில் பூச்செடிக்காகக் குழாய் வைத்திருப்பார்கள், சைக்கிள்காரர்கள் எல்லாரும் அங்கேதான் பாட்டிலை நிரப்புவார்கள், குடிக்க ஆகாது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சாலையைப் பற்றி. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலும் விடுகிறார்கள். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஆபத்து காலியான சாலைதான், எதிரே வண்டி வந்தால் நினைவு வரும், ஒன்றுமே வராதபோது கை தானாக இடப்பக்கம் இழுக்கும். ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, சின்னச் சந்திலிருந்து கார் நிற்காமல் வந்துவிடும். கோடையில் தார் ஊற்றிச் சல்லியைத் தூவிவிட்டுப் போயிருப்பார்கள், வளைவில் பிரேக்கைப் பார்த்துப் பிடியுங்கள். 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் சரியாக இருக்கும்.

போன் வரைபடத்தை மட்டும் நம்பாமல் மிஷலின் காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள். சிவப்புச் சாலையைத் தவிர்த்து, மஞ்சளும் வெள்ளையும் பார்த்துப் போங்கள், ஓரத்தில் பச்சைக்கோடு இருந்தால் அழகான சாலை என்று அர்த்தம். சாலை மேல் அம்புக்குறி இருந்தால் ஏற்றம்: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 13 வரை, மூன்று இருந்தால் வேறு வழி பாருங்கள். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு மேட்டைத் தாண்டிப் போகலாம் என்று ஆசைப்பட்டால் இது புரியும், மேலே வறண்ட சுண்ணாம்பு மேடு, குட்டையான ஓக் மரம், ஆட்டிடையர் கட்டிய கல் குடில், நிழலும் கிடையாது தண்ணீரும் கிடையாது.

காஓரை நெருங்கும்போது வண்டிகள் கூடும், கடைசிப் பகுதி அவ்வளவு ரசிக்காது. ஊரில் வலாந்த்ரே பாலம், 1308ல் கட்ட ஆரம்பித்தது, மூன்று கோபுரம். கட்டி முடிக்கச் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டு, கடைசியில் சல்லடையில் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி மேஸ்திரி அவனை ஏமாற்றினார் என்பது கதை. 1879ல் பழுது பார்த்தவர் நடுக் கோபுரத்து மூலையில் ஒரு குட்டிச் சாத்தானைச் செதுக்கி வைத்திருக்கிறார், கல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பான், தேடிப் பாருங்கள்.

மாதம்: மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும், தங்க இடமும் கிடைக்காது. உடம்பு சுமார் என்றீர்களே, பள்ளத்தாக்குச் சாலைக்கு அது போதும். சேன் சிர் லபோபி ஏற்றமும் குகை ஏற்றமும்தான் பயம் என்றால் மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுங்கள், அங்கே எழுபது வயதுக்காரர்கள் அதில்தான் நம்மைத் தாண்டிப் போவார்கள், போகும்போது ஒரு போன்ஜூர் வேறு.